காலியிடம் வாங்கிய முதல் மதிப்பெண்

அந்தப் பல்கலைக்கழகத்தின் செறிபொருள் இயற்பியல் வகுப்பில் பத்து நாற்காலிகள். ஒன்பதில் மாணவர்கள், பத்தாவது மாணவர் ஜன்னலோரக் காலியிடம். எலக்ட்ரான் இல்லாத இடத்தையே ஒரு துகளாக வைத்துக் கணக்குப் போடுகிற துறை அல்லவா, ஆளில்லாத நாற்காலியையும் வருகைப் பதிவேட்டில் ஏற்றியிருந்தார்கள். அது ஒருநாளும் விடுப்பு எடுத்ததில்லை.

அந்த வருடம் ஆராய்ச்சிக்கு ஒரே இடம். இசக்கியம்மாள் இரண்டு வருடமாகச் சோறு தண்ணி மறந்து படித்தது அதற்காகத்தான். தேர்வு முடிவில் அவளுக்குத் தொண்ணூற்று நான்கு, காலியிடத்துக்குத் தொண்ணூற்றெட்டு. அதன் வெள்ளைத் தாளில் பேராசிரியர் இருதயராஜால் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. கையெழுத்து இல்லாததற்கு மட்டும் இரண்டு குறைத்தாராம்.

இசக்கிக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை எரிந்தது. நேரே அவர் அறைக்குப் போனாள்.

"நான் எதுல சார் குறைச்சல்?"

"அது நகர்ந்தா மின்சாரம் ஓடும்மா. நீ நகர்ந்தா?"

"வேர்க்கும் சார்."

"அதான்."

மறுநாள் வகுப்பு நடுவில் எழுந்து போய் ஜன்னலோர நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஒழிந்தது சனியன் என்று நினைத்தாள். ஆனால் அவள் எழுந்து வந்த நாற்காலி இப்போது காலி. ஜன்னலோரத்திலிருந்து முதல் வரிசைக்கு முன்னேறியதற்காகக் காலியிடத்துக்கு மேலும் ஒரு மதிப்பெண் கூடியது. அந்தச் சுறுசுறுப்பு தனக்கு வராது என்று பக்கத்து மாணவன் தவசிலிங்கம் மனதாரப் பாராட்டினான்.

பல்லைக் கடித்துக்கொண்டு சொந்த ஊரான வள்ளியூருக்குப் போய்விட்டாள். பத்து நாள் கழித்துத் துறையிலிருந்து கடிதம் வந்தது. ஜன்னலோரத்தில் அவள் விட்டுப்போன புதிய காலியிடம் பழையதைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறதாம். கை வைத்தால் சுடுகிறதாம். ஆராய்ச்சி இடம் அதற்கே.

அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வகுப்புக்குள் நுழைந்தாள். பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"உட்காராதேம்மா. வரிசைக்குள்ளேயே மாறி உட்கார்ந்தா காலியிடம் நகரும். வெளியேயிருந்து வந்து விழுந்தா ஆளும் இருக்காது, காலியிடமும் இருக்காது. வெளிச்சம்தான் மிஞ்சும்."

"அந்தப் பாடம் எனக்கும் தெரியும் சார். ஆனா அது என் இடம்."

உட்கார்ந்தாள்.

பேராசிரியர் கரும்பலகையில் அந்தச் சிவப்பு வெளிச்சத்தின் அலைநீளத்தைக் குறித்துவிட்டு, டியூப் லைட்டை அணைக்கச் சொல்லி மிச்சப் பாடத்தை நடத்தினார். ஆராய்ச்சி இடம் ஜன்னலோர வெளிச்சத்தின் பெயருக்கு மாற்றப்பட்டது. திங்கட்கிழமை அது வேலையில் சேர்ந்தது.

சேர்ந்த அன்று இசக்கியின் அம்மா டிபன் கேரியரோடு வந்து பார்த்தாள். முந்தானையைக் கண்ணுக்கு மேல் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, கண்ணு கூசுது. கொஞ்சம் தணிஞ்சு எரி."

வெளிச்சம் இன்னும் சிவந்தது.