துண்டுக்கு வெளியே

பெத்துராஜ் ஒன்பது ஆடுகளோடு சந்தைக்குள் நுழைவதை செண்பகவல்லி தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே பார்த்துவிட்டாள். ஏழு வருஷமாக அவள் காத்திருந்தது இதற்குத்தான். தன்னிடம் வேலை பார்க்கிற இசக்கித்துரையைக் கூப்பிட்டு, மற்ற இரண்டு வியாபாரிகளிடமும் போய்ச் சொல்லிவரச் சொன்னாள். இன்றைக்கு அந்த ஆடுகளுக்கு யாரும் விலை கேட்கக் கூடாது. அவர்கள் மறுக்கமாட்டார்கள். ஆடு ஏற்றிப்போக இரண்டு பேருமே அவளுடைய வண்டியைத்தான் நம்பியிருந்தார்கள்.

பெத்துராஜ் அவளுடைய புருஷன். பிரிந்து இருந்தார்களே தவிர, விவாகரத்து என்று எதுவும் ஆகவில்லை.

முன்பெல்லாம் இந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். விற்கிறவரும் தரகரும் ஒரு துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். என்ன விலை என்பது பிடித்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும்.

செண்பகவல்லி பிறந்த வீட்டிலிருந்து ஓட்டிவந்த இரண்டு குட்டிகள் பெருகிப் பன்னிரண்டு ஆடாக நின்றபோது, பெத்துராஜ் அவற்றை இங்கே கொண்டுவந்து விற்றான். நாற்பதாயிரம்தான் கிடைத்தது என்றான். அவள் நம்பவில்லை. அடுத்த தடவை நானும் வாரேன், நானே பேசுதேன் என்றாள். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பொம்பள கையத் துண்டுக்குள்ள எவம்ட்டி பிடிப்பான்? பிடிச்சா அதுக்குப் பேரு யாவாரம் இல்ல" என்றான்.

அவன் தம்பி சிரித்தான். அவன் அம்மா புரை ஏறுகிற அளவுக்குச் சிரித்தாள். பணத்தைக்கூட செண்பகவல்லி மறந்திருப்பாள். அந்தச் சிரிப்பை மறக்கவில்லை.

அந்த வாரமே அவன் வீட்டை விட்டுக் கிளம்பி, இந்தச் சந்தை இருக்கிற சங்கரன்கோவிலுக்கு வந்து ஒரு தறிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து இரண்டு குட்டி வாங்கி, கரிவலம்வந்தநல்லூரில் ஒரு வீட்டில் வாரத்துக்கு விட்டாள். ஈனுகிற குட்டிகளில் பாதி அவளுக்கு. கறிக்கடை வைத்திருந்த முகம்மது யூசுப்புக்கு வாராவாரம் ஆடு கொடுக்க ஆரம்பித்தாள். பிறகு ஒரு தராசு வாங்கிச் சந்தை நடுவில் வைத்து, உயிர் எடைக்குக் கிலோ இவ்வளவு என்று உரக்கச் சொன்னாள். தரகர்கள் கேலி பேசினார்கள். பெண்கள் வந்தார்கள். புருஷன் சொன்ன விலையை அதுவரை அப்படியே நம்பியவர்கள், தங்கள் ஆட்டைத் தாங்களே பிடித்துக்கொண்டு வந்து, பணத்தைத் தங்கள் பெயரில் வங்கியில் போட்டுக்கொண்டு போனார்கள்.

இப்போது அவளுக்கு இரண்டு வண்டிகள். ஊருக்குள் ஒரு வீடு. அதன் வரி ரசீதில் அவள் பெயர் மட்டும்தான். துண்டு வியாபாரம் படுத்துப்போன தரகர் இசக்கித்துரையை வேலைக்கு வைத்துக்கொண்டபோது, அவர்தான் சொன்னார்: அன்றைக்கு அந்தப் பன்னிரண்டு ஆட்டுக்குப் பேசிய விலை அறுபத்திரண்டாயிரம். பெத்துராஜின் விரலைப் பிடித்த கை இன்று அவளிடம் சம்பளம் வாங்கியது.

மத்தியானம் வரை பெத்துராஜின் ஆடுகளை யாரும் கேட்கவில்லை. மறுநாள் எழுபதாயிரம் கட்டாவிட்டால் அடகில் இருக்கிற அவன் அம்மாவின் சங்கிலி ஏலத்துக்குப் போய்விடும். அது அவன் ஊரில் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வெயில் ஏற ஏற அவன் தராசுக்குப் பக்கமாக நகர்ந்து வந்தான். இசக்கித்துரை ஒவ்வோர் ஆடாக ஏற்றி நிறுத்து முடித்தார்.

சுற்றிலும் அவன் ஊர்க்காரர்கள் நின்றார்கள். பெத்துராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு அவள் பக்கம் நீட்டினான்.

"ஏட்டி, சத்தம் போட்டுச் சொல்லாத. துண்டுக்குள்ள பேசிக்கிடுவோம்."

செண்பகவல்லி கையை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை.

"பொம்பள கையத் துண்டுக்குள்ள பிடிச்சா அதுக்குப் பேரு யாவாரம் இல்லன்னு சொன்னிய. மறந்துட்டியளோ?"

யாரோ கனைத்தார்கள். அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக் குரலை உயர்த்தினாள்.

"ஒம்பது உருப்படி. எம்பத்தாறாயிரம். அதுல இருபத்திரண்டாயிரம் பிடிச்சுக்கிடுதேன்."

"எதுக்குப் பிடிக்க?"

"அத நீங்களே சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

பெத்துராஜ் இசக்கித்துரையைப் பார்த்தான். அவர் தராசுத் தட்டைக் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் காரணம் கேட்டால் அன்றைக்கு ஆட்டு விலையில் திருடியதைத் தன் வாயாலேயே சொல்லவேண்டும் என்று அவனுக்குப் புரிந்தது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். துண்டு தோளுக்குத் திரும்பியது.

அறுபத்து நான்காயிரத்தை அவன் போனுக்கு அனுப்பினாள். அவன் அதைப் பார்த்துவிட்டு நகராமல் நின்றான். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினான்.

"ஆறாயிரம் கொறையுது, செண்பகம். அம்மா சங்கிலி போயிரும்."

ஏழு வருஷம் கழித்து அவன் வாயில் தன் பெயரைக் கேட்டால் மனசு இளகிவிடுமோ என்று பயந்திருந்தாள். இளகவில்லை. அவன் கெஞ்சுவது இனிப்பாகத்தான் இருந்தது.

"வீட்டுல இன்னொரு கெடா நிக்கில்லா? அதையும் பிடிச்சுட்டு வாங்க. தராசு இங்கனதான் இருக்கும்" என்றாள். பிறகு, சந்தைக்கு வருகிற ஆம்பிளைகள் எல்லாரையும் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள்:

"போயிட்டு வாங்க, அண்ணாச்சி."

கட்டிய புருஷனை அவள் அண்ணாச்சி என்றதும் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டுக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற ஒரு பெண்தான் முதலில் சிரித்தாள். அடுத்தவள் சிரித்தாள். அவன் ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். பெத்துராஜ் சந்தை வாசலைத் தாண்டும் வரை அந்தச் சத்தம் அவன் பின்னாலேயே போனது.

செண்பகவல்லி சிரிக்கவில்லை.

"அடுத்த ஆட்ட ஏத்துங்க" என்றாள்.