நாலு அங்குலத் தாழ்ப்பாள்

பெட்டிக்கு அளவெடுத்த ஆசாரி நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "தம்பி நல்ல உசரம், உங்களவிட ரெண்டு அங்குலம் கூட" என்றார். ஞானசிகாமணிக்கு அது புதுச் செய்தியாக இருந்தது. கூடப்பிறந்தவனின் உயரத்தை ஆசாரி சொல்லித் தெரிந்துகொள்ளும் அண்ணன் போடி கடைவீதியில் வேறு எவனும் இருக்கமாட்டான். ஜேசுராஜை அவர் பெரும்பாலும் உட்கார்ந்தபடியேதான் பார்த்திருக்கிறார். பின்கட்டில், சுவரோரம், முழங்காலைக் கட்டிக்கொண்டு.

இப்போது அவன் முன்கூடத்து பெஞ்சில், வெள்ளைச் சட்டை போட்டுக் கிடந்தான். முப்பத்தாறு வருஷமாக வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே அவனை உள்ளே போகச் சொல்லிப் பழகிய வீடு அது. இன்றைக்கு வருகிறவர்கள் எல்லாரும் நேராக அவனைத்தான் பார்த்தார்கள். ஞானசிகாமணிக்கு இரண்டு தடவை, "உள்ள போடா" என்று வாய்வரை வந்துவிட்டது. பழக்கதோஷம்.

உபதேசியார் வந்து, நாலு மணிக்கு அடக்க ஆராதனை, அதற்குள் போதகர் ஐயர் வாழ்க்கைக் குறிப்பு கேட்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். சபையில் அது வழக்கம். யார் இறந்தாலும் வீட்டார் எழுதிக் கொடுப்பதை ஐயர் பெட்டியின் தலைமாட்டில் நின்று வாசிப்பார். அப்பாவுக்கு நாலு பக்கம் எழுதினார்கள். இரும்புக்கடை வைத்தது, கோயிலுக்கு மணி கொடுத்தது, ஆஸ்துமா வந்தது எல்லாம் அதில் இருந்தது. வாசித்து முடிப்பதற்குள் பாதிப் பேருக்குக் கால் கடுத்துவிட்டது.

ஞானசிகாமணி பேனாவைத் திறந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில் பிறந்தார் என்று எழுதினார். ஞானஸ்நானம் பெற்றார் என்று எழுதினார். அடுத்து படிப்பு வரவேண்டும். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அதற்கடுத்துத் திடப்படுத்தல், நற்கருணைக்குச் சேர்க்கிற சடங்கு. 'அவனுக்கு என்ன விளங்கும்' என்று அதையும் கொடுக்கவில்லை. பிறகு உத்தியோகம், திருமணம், பிள்ளைகள். இரண்டு வரியோடு பேனா நின்றுவிட்டது.

எழுத ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை எழுதினால் மற்றதையும் எழுதவேண்டும்.

ரேடியோவில் மூச்சுக்கு மூச்சு ஊனமுற்றோர் ஆண்டு என்று சொல்லிக்கொண்டிருந்த வருஷம், சுகிர்தம் டீச்சர் கோயில் வளாகத்தில் ஒரு பழைய அறையைச் சுத்தம் பண்ணி சென்டர் ஆரம்பித்தார். புத்தி வளர்ச்சி குறைந்து வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறவர்கள் காலையில் வருவார்கள். பழைய பேப்பரில் கவர் ஒட்டுவார்கள், பாடுவார்கள், நாலு மணிக்கு வீடு திரும்புவார்கள். டீச்சர் வீடுவீடாக நடந்து ஆள் சேர்த்தார். இந்த வீட்டுக்கு மூன்று முறை வந்தார். முதல் இரண்டு முறையும், "அப்படி யாரும் இங்கன இல்லையே" என்று ஞானசிகாமணி சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளே ஜேசுராஜ் தட்டில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் முறை மனைவி அன்னத்தாய் குறுக்கே வந்து, இருக்கிறார், கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஒன்றே கால் வருஷம் போனான். தோளில் ஒரு துணிப்பை, அதில் சோற்றுப் போசி. மாதத்தின் முதல் சனிக்கிழமை மதுரையிலிருந்து ஒரு டாக்டர் சென்டருக்கு வந்து வலிப்புக்கு மாத்திரை கொடுத்தார். மாதம் மூன்று தடவை வந்துகொண்டிருந்த வலிப்பு அடியோடு நின்றுபோனது.

பிறகு ஒரே மகள் சாராளுக்குச் சின்னமனூரில் இருந்து வரன் வந்தது. நல்ல குடும்பம். பெண் பார்க்க வருகிறவர்கள் கடைவீதியில் இவனைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஞானசிகாமணிக்குத் தூக்கம் போயிற்று. டீச்சரிடம் போய், தம்பியைக் கெங்குவார்பட்டி அத்தை வீட்டில் கொஞ்ச நாள் விட்டிருப்பதாகச் சொன்னார். அன்றைக்கே தன் கடையில் நாலைந்து தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து, சத்தம் போடாத ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். நாலு அங்குலம், பித்தளை. பின்னறைக் கதவில், வெளிப்பக்கமாக, தன் கையாலேயே திருகாணி முடுக்கினார். கல்யாணம் முடிகிற வரைக்கும்தான் என்று அன்னத்தாயிடம் சொன்னார். அதன் பிறகு தினமும் தாழ்ப்பாளைப் போட்டவள் அவள்தான்.

தினமும் எட்டரை மணிக்கு ஜேசுராஜ் பையை மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து கதவைத் தட்டுவான். பத்து மணி வரைக்கும் தட்டுவான். அவன் கோபப்பட்டுத் தட்டியதே இல்லை. யாரோ மறந்துவிட்டார்கள், நினைவு வந்தால் திறப்பார்கள் என்பதுபோலத் தட்டுவான். மாத்திரை அடுத்த மாதமே தீர்ந்தது. மருந்துக்கடையில் சீட்டு கேட்டார்கள். சீட்டு சென்டரில் இருந்தது. சென்டரில் போய்க் கேட்டால் சொன்ன பொய்யின் சாயம் வெளுத்துவிடும். வருகிற திங்கள் மதுரைக்குப் போய் வாங்கிவரலாம் என்று நினைத்தார். அந்தத் திங்கள் கடையில் லோடு இறங்கியது. அதற்குப் பிறகும் எத்தனையோ திங்கள் வந்து போயின. வலிப்பு திரும்ப வந்தபோது, "அவனுக்கு எப்பவும் உள்ளதுதானே" என்றார்.

நேற்று அன்னத்தாயும் சாராளும் கல்யாணச் சேலை எடுக்கத் தேனிக்குப் போயிருந்தார்கள். வருகிற ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்க இருந்தது. ஒரு மணிக்குச் சாப்பிட வந்தவர் தாழ்ப்பாளை இழுத்தார். அது வழக்கம்போல் சத்தமில்லாமல் வந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை. உள்ளே கதவை ஒட்டி ஜேசுராஜ் குப்புறக் கிடந்தான். பை தோளில் மாட்டியபடி இருந்தது.

வலிப்பு வந்து இறந்துபோனான் என்று எல்லாரிடமும் சொன்னார். அது உண்மைதான். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. தேனியிலிருந்து வந்த அன்னத்தாய் பின்னறைக் கதவு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய் சேலைப் பொட்டலத்தைப் பீரோவில் வைத்தாள்.

மதியம் சின்னமனூர்ச் சம்பந்தி ஞானதுரை மனைவியோடு வந்தார். மாலையை வைத்துவிட்டு ஜேசுராஜின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஞானசிகாமணி, சீக்காளித் தம்பி, உங்களிடம் சொல்ல வேளை வரவில்லை என்று ஏதோ தொடங்கினார்.

"எங்களுக்குத் தெரியும், சம்பந்தி" என்றார் ஞானதுரை. "போன ஜூலையில உங்க குடும்பத்தப் பத்தி விசாரிக்கலாம்னு சொல்லாம கொள்ளாம வந்தோம். பஸ் ஸ்டாண்டுல எறங்கி முழிச்சுக்கிட்டு நின்னோம். பையப் போட்டுக்கிட்டு இவரு வந்தாரு. இரும்புக்கடைக்காரக வீடு எங்கனன்னு கேட்டோம். வாயத் தெறக்கல. எங்க வீட்டுக்காரி கையப் பிடிச்சு, ரோட்டத் தாண்டவச்சு, உங்க வாசல்ல கொண்டாந்து விட்டாரு. பக்கத்துக் கடையில கேட்டோம், யாருன்னு சொன்னாக. இவளுக்கு அன்னைக்கே மனசு நெறஞ்சுபோச்சு."

அந்த அம்மாள் ஆமாம் என்று தலையாட்டினாள். ஞானசிகாமணி பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தாழ்ப்பாள் மாட்டியது ஆகஸ்டில். யாருக்குத் தெரியக்கூடாது என்று மாட்டினாரோ அவர்களுக்கு அதற்கு ஒரு மாதம் முன்பே தெரியும். எழுந்து பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவினார். திரும்பத் திரும்பக் கழுவினார்.

அவர் முன்பக்கம் வந்தபோது தெருவில் பேச்சு அடங்கியிருந்தது. சுகிர்தம் டீச்சர் வந்துகொண்டிருந்தார். பின்னால் சென்டர்க்காரர்கள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து வரிசையில் வந்தார்கள். சிறியவர்களும் இருந்தார்கள், தலை நரைத்தவர்களும் இருந்தார்கள். எல்லாரும் குளித்து எண்ணெய் தேய்த்துச் சீவியிருந்தார்கள். பதினோரு பேர். கடைசியில் இருபது வயதுப் பையன் ஒருவன் மட்டும் ஜோடி இல்லாமல், டீச்சர் கொடுத்த குடையின் காம்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஒருவனை ஒளித்துவைத்த வீட்டின் முன்கூடத்தில், பதினோரு பேர் பெஞ்சைச் சுற்றி நின்றார்கள்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கெங்குவார்பட்டியில இருந்து எப்ப வந்தாரு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

ஞானசிகாமணி வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் அன்னத்தாயின் குரல் வந்தது. "அவரு எங்கயும் போகல டீச்சர். இங்கனயேதான் இருந்தாரு."

டீச்சர் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கூடத்தைத் தாண்டிப் பின்னறைக் கதவு தெரிந்தது. அவர் பார்வை அங்கே கொஞ்சம் நின்று திரும்பியது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஊர்ல இருந்து ஆள் அனுப்புவீகன்னு, மாசாமாசம் டாக்டர்கிட்டச் சொல்லி மாத்திரை வாங்கி வச்சேன்" என்றார் மெதுவாக. "எட்டுப் பொட்டலம் சென்டர் பீரோவுல இருக்கு."

சென்டர் இங்கிருந்து எண்ணூறு அடி தூரம்.

குடைக் காம்பைப் பிடித்திருந்த பையன் தவசி. இரண்டு தெரு தள்ளி வீடு. அவன் அம்மா முத்துப்பேச்சி ஏலக்காய் பொறுக்கப் போகிறவள். அவனுக்கு மெயின் ரோட்டைக் கண்டால் உயிர் போகிற பயம், யார் இழுத்தாலும் வரமாட்டான் என்று டீச்சர் அன்னத்தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜேசுராஜ்தான் தினமும் அவன் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவான். ரோட்டோரம் வந்ததும் காதில் ஏதோ சொல்வான், உடனே தவசி நடந்துவிடுவான். ஜேசுராஜ் நின்ற நாளிலிருந்து தவசியும் சென்டருக்கு வரவில்லை. எட்டரை மணிக்குத் தன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வானாம். வீடு ரோட்டுக்கு இந்தப் பக்கம் என்பதால் இன்றைக்கு வழியில் அவனையும் கூட்டிவந்தார்களாம்.

"என்ன சொல்லுவாருன்னு நாங்களும் கேட்டுப் பாத்தோம், சொல்லல" என்று டீச்சர் இவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே அண்ணாச்சி?"

ஞானசிகாமணிக்குத் தெரிந்து ஜேசுராஜுக்கு நாலு வார்த்தைதான் வரும். சோறு, தண்ணி, அண்ணே, இல்ல. ஐந்தாவதாக ஒன்று அவனிடம் இருந்திருக்கிறது.

அவர் உள்ளே போய்க் காகிதத்தை எடுத்தார். இந்தத் தடவை பேனா நிற்கவில்லை. ஒன்றே கால் வருஷம் சென்டருக்குப் போனார், தினமும் காலையில் தவசியைக் கைபிடித்து ரோட்டைக் கடத்தி அழைத்துச் சென்றார் என்று எழுதினார். போன ஆகஸ்டு முதல் அவரைப் பின்னறையில் போட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டேன், மாத்திரை வாங்கிக் கொடுக்கவில்லை என்று எழுதினார். கையெழுத்தும் போட்டார். வாழ்க்கைக் குறிப்பில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

நாலு மணிக்கு ஐயர் முன்கூடத்தில் பெட்டியின் தலைமாட்டில் நின்று வாசித்தார். தவசியின் பெயர் வந்தபோது சென்டர்க்காரர்கள் அவன் முதுகில் தட்டினார்கள். அடுத்த வரியில் ஐயரின் குரல் தயங்கியது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஞானசிகாமணியை ஒரு பார்வை பார்த்தார். நல்ல மனிதர். இன்னும் நாலு நாளில் இந்த வீட்டுக் கல்யாண ஓலையை வாசிக்க இருப்பவர். காகிதத்தை மடித்துக்கொண்டே, "கடைசி நாட்களில் குடும்பத்தாரின் அன்பான பராமரிப்பில் வீட்டிலேயே இருந்து கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்றார். எல்லாருடைய குறிப்பிலும் வருகிற வாக்கியம் அது. அவருக்கு மனப்பாடம்.

ஞானசிகாமணிக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா என்று மூச்சு இறங்கியது. தன் மூச்சு இறங்கியதை அவரே கவனித்தார். அதற்காக வெட்கப்பட்டார். அப்போதும் வாயைத் திறந்து, ஐயரே அப்படி இல்லை என்று சொல்லவில்லை. எதிரே அன்னத்தாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியை மூடும்முன் அவள் துணிப்பையைக் கொண்டுவந்து அவன் கைப்பக்கம் வைத்தாள்.

கல்லறைத் தோட்டம் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். சென்டர்க்காரர்கள் பாடிக்கொண்டே முன்னால் போனார்கள். டீச்சர் அவர்களைக் கடத்திவிட்டுத் தவசிக்காகத் திரும்பி வருவதற்குள் பெட்டி குறுக்கே வந்துவிட்டது. பெட்டிக்குப் பின்னால் நடந்த ஞானசிகாமணி பாதி ரோட்டில் திரும்பிப் பார்த்தார். தவசி ரோட்டோரத்தில் தனியாக நின்றான். வலது கையை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, யாரோ பிடிப்பதற்குத் தோதாக வைத்திருந்தான்.

பெட்டியை விட்டுவிட்டு அவர் திரும்பி நடந்தார். சம்பந்தி ஏதோ கேட்டது காதில் விழவில்லை. தவசியின் கையைப் பிடித்தார். அது சில்லென்று இருந்தது.

"வா" என்றார். அவன் நகரவில்லை. "போகலாம் வாப்பா" என்றார். அவன் தலையைச் சாய்த்து, காதை அவர் பக்கம் கொண்டுவந்து வைத்தான்.

ஞானசிகாமணி குனிந்தார். அந்தக் காதருகில் வாயை வைத்துக்கொண்டு நின்றார். தேனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. எதிர்ப்பக்கம் பெட்டி தெருமுனையில் திரும்பியது. பாட்டுச் சத்தமும் தேய்ந்தது. ரோடு காலியாகக் கிடந்தது. தவசி காதைக் கொடுத்தபடியே நின்றான்.