நவுருலே, சாதிக்!

விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கும் முகம்மது இஸ்மாயில், அரையாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தை மணாலிக்கு அழைத்துப் போனார். பிள்ளைகள் இரண்டு பேரும் அதுவரை பனியைப் பார்த்ததில்லை. வாடகைக்கு எடுத்த பூட்ஸும் நீளமான சறுக்குப் பலகைகளும் மாட்டிக்கொண்டு முதல் நாள் முழுக்க விழுந்து எழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் பதினான்கு வயது மஹ்ரீனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. பயிற்சியாளர் காட்டிய இடத்தைத் தாண்டி மேட்டில் இன்னும் கொஞ்சம் ஏறி, அங்கிருந்து சறுக்கினாள். பாதி வழியில்தான் தனக்கு நிற்கத் தெரியவில்லை என்பது புரிந்தது. கீழே அவள் தம்பி சாதிக் பாட்சா பனியை உருட்டிக்கொண்டிருந்தான்.

“நவுருலே, சாதிக்! நவுருலே!”

ஒன்பது வயதுப் பையன் நிமிர்ந்து பார்த்தான். அக்கா விளையாட்டுக்குக் கத்துகிறாள் என்று நினைத்துக் கையாட்டினான்.

அவனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மஹ்ரீனுக்கு உதட்டில் ஒரு கீறல் மட்டும்.

தொடைவரை போட்ட மாவுக்கட்டோடு அவனை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா கமருன்னிசா, “சறுக்கி விளுந்துட்டான்” என்றே சொன்னாள். மகளை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்றுதான். மஹ்ரீனோ அதைக் கேட்கும்போதெல்லாம் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள். சோறு இறங்கவில்லை. தம்பி படுத்திருந்த அறைப் பக்கமே அவள் போகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பெரியம்மா வந்தார். கட்டைத் தடவிப் பார்த்து, “எப்படிம்மா விளுந்தான் பிள்ளை?” என்றார். கமருன்னிசா வாய் திறக்குமுன் கதவருகிலிருந்து மஹ்ரீனின் குரல் வந்தது.

“அவன் விளுகல பெரியம்மா. நான்தான் இடிச்சேன்.”

சொன்னதும் தேம்பித் தேம்பி அழுதாள். பெரியம்மா எழுந்துபோய் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

“லாத்தா கத்துனா, நான்தான் நவுரல” என்றான் சாதிக் கட்டிலிலிருந்து. பிறகு அக்காவைப் பார்த்துக் கோபமாக, “அதுக்காக எங்கூடப் பேச மாட்டியா? தனியாக் கெடக்க எம்புட்டு போரடிக்கி தெரியுமா?” என்றான்.

அன்றிலிருந்து அவள் பாடப் புத்தகமும் பாயும் அவன் அறைக்கு வந்தன.

கட்டைப் பிரித்தபோது எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. ஆனால் கால் சூம்பிப் போயிருந்தது. ஊன்றச் சொன்னார் டாக்டர். சாதிக் பயந்து கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டான். இஸ்மாயில் கை நீட்டியும் இறங்கவில்லை.

“லாத்தா பிடிக்கட்டும்.”

மஹ்ரீன் பின்வாங்கினாள். “நான் விட்டுட்டேன்னா?”

“விடாத. அம்புட்டுதான்.”

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். அவன் பற்றிக்கொண்டு காலைக் கீழே வைத்தான். முகம் சுளித்தது. மெல்ல ஓரடி, பிறகு இன்னோரடி.

“வலிக்குதாலே?”

“வலிக்கி. பசிக்கவும் செய்யி. அத்தா, எண்ணெய் புரோட்டா வாங்கித் தாங்க.”

இஸ்மாயில் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். மஹ்ரீன் சிரிக்கவில்லை. தம்பியின் பாதங்களையே பார்த்தபடி, கையை விடாமல், பின்புறமாக நடந்து வாசல்வரை அவனை அழைத்துப் போனாள்.