மூட்டைக்குள் பழைய மூலநிரல்

அடுத்தவன் அடுப்பை நம்பி உலை வைக்கிறவர்களைக் கண்டாலே எனக்குக் குமட்டும். அன்று நான், பயனர்கள் அப்படியே நிறுவிக்கொள்ளும்படி, பொதியாகக் கட்ட வேண்டிய பிளகின் அந்த ரகம். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் சின்னத் துண்டு. ஆனால் எடிட்டர் என்ற பெரிய மென்பொருளின் மூலநிரல், அதாவது அதை எழுதிய வரிகள், கூடவே இருந்தால்தான் அது உருவாகும். எடிட்டர்காரர்களோ மாதம் ஒருமுறை உள்ளே எல்லாவற்றையும் கலைத்துப் போடுவார்கள். பிளகினை எழுதிய புண்ணியவான் ஒரு வருடமாகக் கடிதத்துக்குப் பதிலே போடுவதில்லை.

மாலை நாலு மணிக்கு எங்கள் இயங்குதளத்தின் புது வெளியீட்டில் சேரும் பொதிகளின் பட்டியல் மூடும். அதற்குள் கட்டி முடிக்காததைத் தூக்கிவிடுவார்கள். என் அக்காவுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. பதிப்பகத்துக்கு வரும் கோப்புகளை இந்தப் பிளகின் வாசிக்கக் கேட்டுத்தான் வேலை பார்க்கிறாள். "புதுசுலயும் பேசும்ல?" என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டாள்.

மூன்றரை வரை புது எடிட்டரோடு பிளகின் ஒட்டாததால், பழைய எடிட்டரின் மூலநிரலை அப்படியே அள்ளிப் பொதிக்குள் திணித்தேன். மறுபேச்சில்லாமல் கட்டிக்கொண்டது.

எதிர் மேசை மூட்டையார் நாலு வருடம் முன்பு செய்த அதே வேலை. அவருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்ததே நான்தான். "ஊசிப்போனதை ஊருக்கெல்லாம் பரிமாறாதீங்க" என்று எல்லோர் முன்னாலும் அவர் மானத்தை வாங்கியிருக்கிறேன். இப்போது நான் திணித்ததிலோ, கோப்பைத் திறக்கும் இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. முகம் தெரியாத எவனோ அனுப்பும் விஷமக் கோப்பைத் திறந்தால் போதும், கணினி அவன் கைக்குப் போய்விடும். எடிட்டர்காரர்கள் போன மாதம்தான் அதை அடைத்தார்கள். நான் தோண்டி எடுத்துத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

இன்னொருவர் பிரித்துப் பார்த்த பிறகே பொதி வெளியே போகலாம் என்பது விதி. அதை எழுதியதும் நானே.

"நீங்க கட்டினதுதானே" என்று மூட்டையார் பிரிக்காமலே சரி போட்டார். "உங்ககிட்ட திட்டு வாங்கினதுலருந்து நானே சுத்தமாத்தான் கட்டுறேன்."

ஓட்டையைச் சொல்லியிருக்கலாம். பொதியை வெளியே அனுப்பினேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. கழிப்பறைக்குப் போய் இரண்டு முறை கை கழுவினேன்.

ஐந்தரைக்கு அக்கா அழைத்தாள்.

"பேசுதுடா. நீ போட்டதுன்னதும் உடனே மாத்திட்டேன். யார் யாரோ அனுப்பின ஃபைல் நாப்பது கிடக்கு. ஒவ்வொண்ணா திறந்து கேட்டுக்கிட்டே இருக்கேன்."

திறக்காதே என்று சொல்லியிருக்க வேண்டும்.

"சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டேன்.