வெள்ளை அடிக்க விடாத வீடு

ஆபீஸ் சிப்பந்திகள் குடியிருக்கத் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு தெருவையே வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வீடுகள் உள்ளூர் வியாபாரி ஒருவருக்குச் சொந்தம். ஒப்பந்தப்படி கூரை அவர் பாடு, சுவர் ஆபீஸ் பாடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும், மழை பெய்யாதவரை. ஓடு உடைந்துவிட்டது என்று போய் நின்றால், குடியிருப்பவர்கள்தான் ஏறி மிதித்து உடைத்தார்கள் என்பார் வியாபாரி. மாற்றித் தர வேண்டியது வியாபாரி என்பார் ஆபீஸ் ஓவர்சியர். இரண்டு பேரும் மாறி மாறிக் கை காட்டிக்கொண்டிருக்க, ஒழுகுகிற இடத்தில் அண்டாவை வைத்துவிட்டுக் குடும்பங்கள் தூங்கப் போகும்.

தந்தி குமாஸ்தாவின் மனைவிக்கு அந்தப் பொறுமை கிடையாது. தெருவில் அவளைத் தந்தியம்மா என்பார்கள். வார்த்தை கூடினால் காசு கூடும் என்ற தொழிலில் இருந்து இருந்து, அவள் புருஷன் வீட்டிலும் அளந்துதான் வாயைத் திறப்பார். அவர் மிச்சம் பிடித்ததையெல்லாம் அவள் தாராளமாகச் செலவழித்தாள்.

அந்த வருஷம் இருந்த கொஞ்சப் பொறுமையும் போனது நாத்தனாரால். நிறைமாதம், தலைப்பிரசவம். புருஷன் கப்பலில் வேலை பார்ப்பவன், அண்ணன் வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. பிரசவத்துக்கு ஆகிற அறை என்று வீட்டில் இருந்தது உள்ளறை ஒன்றுதான். கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் பொத்தல். கட்டிலை நகர்த்தலாம் என்றால் அறையே அந்தக் கட்டில் அளவுதான். “குழந்தையைக் குளிப்பாட்ட நீங்க கஷ்டப்பட வேண்டாம் அண்ணி, மேலேருந்தே தண்ணி வந்துடும்” என்று நாத்தனார் சிரிப்பாள். தந்தியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது. மழைக்காலம் தொடங்க அதிக நாள் இல்லை. பச்சைக் குழந்தைக்குச் சளி கட்டினால் கடல் தாண்டி வந்த இந்த ஊரில் யாரிடம் ஓடுவது?

ஒரு விஷயத்தை அவள் கவனித்து வைத்திருந்தாள். வருஷத்துக்கு ஒரு முறை சுண்ணாம்புக்காரர் வந்து தெரு முழுக்க வெள்ளை அடிப்பார். கடைசி வீடு வெளுத்ததும் ஓவர்சியர் ‘பராமரிப்பு முடிந்தது’ என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு கூரையே பறந்து போனாலும் அடுத்த வருஷம்தான். ஒரே ஒரு வீடு அழுக்காக நின்றால்கூட அந்த வரியை எழுத முடியாது. அப்படியானால் அந்த ஒரு வீடு தன் வீடாக இருக்கட்டும் என்று தந்தியம்மா முடிவு கட்டிவிட்டாள்.

சுண்ணாம்புக்காரர் வாளியும் மட்டையுமாக வந்தபோது வாசலை மறித்து முக்காலி போட்டு உட்கார்ந்தாள். அவர் நல்ல மனிதர், கிடைத்தது ஓய்வு என்று எதிர் நிழலில் போய்ப் படுத்துக்கொண்டார். செய்தி கேட்டு ஓவர்சியர் ஓடி வந்தார். கெட்ட நேரம், தெருவைப் பார்வையிடப் புதிய வெள்ளைக்காரத் துரையும் கூடவே வந்தார்.

இந்தத் துரைக்குத் தமிழ் தெரியும் என்பது ஆபீஸின் பெருமை. பரீட்சை எழுதிப் பரிசே வாங்கியவர். சொல்லிக்கொடுத்தது பெரிய குமாஸ்தா. துரை ‘சுகமா?’ என்று கேட்டால் ஆபீஸே கன்னத்தில் கை வைத்து வியக்கும். தும்மினால்கூடத் தமிழில் தும்மினார் என்று சொல்ல அங்கே ஆள் இருந்தது.

அவர் காதில் விழும்படியாகத்தான் தந்தியம்மா ஓவர்சியரிடம் சொன்னாள்: “முதல்ல கூரையைச் சரி பண்ணுங்க. அப்புறம் பாருங்க, ஆளே வேண்டாம், நானே முன்னால நின்னு வெள்ளை அடிக்கிறேன்.”

துரையின் முகம் சிவந்தது. சட்டென்று திரும்பி நடந்தார். சாயங்காலமே உத்தரவு வந்தது. வெள்ளையரை அடிப்பேன் என்று மனைவி தெருவில் நின்று மிரட்டிய குற்றத்துக்காகத் தந்தி குமாஸ்தா ஒரு வாரத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

கதவைச் சாத்திக்கொண்டு தெரு முழுக்கச் சிரித்தது. சிரித்து முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. விஷயத்தை விளக்கிச் சொன்னால் தீர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆள் இல்லை. துரைக்குத் தமிழ் புரியவில்லை என்று சொன்னால் தன் பிழைப்பு என்ன ஆவது என்று பெரிய குமாஸ்தா கையை விரித்துவிட்டார். ஆனாலும் உதவுகிற மனசோடு வீடு தேடி வந்து, தானே எழுதிய ஒரு மன்னிப்புக் கடிதத்தை நீட்டினார். ‘நான் தமிழ் சரியாகப் பேசத் தெரியாதவள். அறியாமல் தவறான சொல்லைச் சொல்லிவிட்டேன்.’ கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். வீடு தங்கும், வேலையும் தங்கும்.

தந்தியம்மா இரண்டு முறை படித்தாள்.

“அவருக்குத் தமிழ் வரலைங்கிறதுக்காக, எனக்குத் தமிழ் வராதுன்னு நான் எழுதித் தரணுமா?”

பெரிய குமாஸ்தா கடிதத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். புருஷன் தங்கையின் வயிற்றைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். “போட்டுடேன்” என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் தந்தியம்மா ஆடிப்போனாள். பேனாவைக் கையில் எடுத்தும்விட்டாள். நிறைமாதக்காரியை எந்தத் தெருவுக்கு அழைத்துப் போவது?

தடுத்தவள் நாத்தனார்தான். “என்னைச் சாக்கு வெச்சுப் போடாதீங்க அண்ணி. கையெழுத்துப் போட்டா வீடு இருக்கும், ஓட்டையும் இருக்கும். இனிமே அதைப் பத்தி வாயைத் திறக்க முடியுமா நம்மால?”

தந்தியம்மா பேனாவை மூடினாள்.

மறுநாள் காலை கையெழுத்துப் போடாமலே அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கே போனாள். பியூன் தடுத்ததைக் காதில் வாங்காமல் உள்ளே நுழைந்தாள். குமாஸ்தாக்கள் எல்லோரும் எழுதுவதை நிறுத்தினார்கள். துரை கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

“ஏன் கையொப்பம் இல்லை?”

“தப்புப் பண்ணவங்கதான் போடணும், துரை. வெள்ளை அடிக்கிறதுன்னா சுவருக்குச் சுண்ணாம்பு பூசுறது. நீங்க நினைச்சது வெள்ளையை அடிக்கிறது. நடுவுல ஒரு ‘யை’ இருக்கு. நான் அதைச் சொல்லலை.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “சொல்லணும்னு தோணினா, அதையும் சேர்த்துத் தெளிவாவே சொல்லத் தெரியும் எனக்கு.”

துரை பெரிய குமாஸ்தாவைப் பார்த்து, இவள் சொல்வது மெய்யா என்று கேட்டார். பெரிய குமாஸ்தா மைக்கூட்டுக்குள் எதையோ தேடினார். மூலையில் தந்தி இயந்திரத்துக்கு முன்னால் இருந்தவர் எழுந்து நின்றார்.

“மெய்தாங்க. இலக்கணப்படியும் அவ சொல்றதுதான் சரி. வீட்டுல கூரை ஒழுகுறதும் மெய். என் தங்கச்சி நிறைமாசமா அதுக்குக் கீழேதான் படுத்திருக்கா.”

தன் புருஷனுக்கு இவ்வளவு பேச வரும் என்று தந்தியம்மாவுக்கே அன்றுதான் தெரிந்தது. பெருமையில் அவளுக்கு அழுகை முட்டியது. துரைக்கு முன்னால் அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாத்தனாருக்கு இடுப்பு வலி கண்டது, பொய் வலி என்று அடங்கியது. காலி செய்யச் சொன்னவர்களும் வரவில்லை. தமிழில் பரிசு வாங்கியவர் தமிழ் புரியாமல் ஒரு குடும்பத்தை விரட்டினார் என்று மேலிடத்துக்கு எப்படி எழுதுவார்கள்? மூன்றாம் நாள் தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. வண்டி நிறையப் புது ஓடு. முன்னால் ஓவர்சியர்.

தந்தியம்மாவைத் தனியாக ஓரம் கட்டி, ஆபீஸ் செலவிலேயே தெரு முழுக்க ஓடு மாற்றச் சொல்லி உத்தரவு, இந்த வீட்டில்தான் ஆரம்பம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். துரை ஒன்றே ஒன்றுதான் எதிர்பார்க்கிறார், ஆபீஸில் நடந்ததை அவள் இனி யாரிடமும் சொல்லக் கூடாது. சம்மதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆட்களை ஏறச் சொல்லிவிடலாம்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். உள்ளறையில் நாத்தனார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

“நான் கூரைக்குத்தான் ஓடு கேட்டேன்” என்றாள் தந்தியம்மா, தெருவுக்கே கேட்கும்படி. “என் வாய்க்குக் கேட்கலை.”

ஓவர்சியர் அவளைப் பார்த்தார், வாசல்களைப் பார்த்தார், வானத்தையும் ஒரு தரம் பார்த்தார். ஏணியைக் கூரையில் சாத்தச் சொன்னார்.