மாத்திரையோடு சொல்லாமல் விட்டது

1

நான் சொல்லாமல் விட்ட ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது இந்தக் கதை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பாப்பாரப்பட்டியில் சந்தைக்குப் போகிற வழியில் இருபத்தாறு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பெயர் நவநீதன். இரண்டு சிறுகதைத் தொகுப்பும் போட்டிருக்கிறேன். கடையில் இருமல் மருந்துக்குப் பக்கத்தில்தான் அவற்றை அடுக்கி வைத்திருக்கிறேன். இருமல் மருந்துதான் போகிறது. யாரும் கேட்காத இடத்தில் ஆயிரம் வாக்கியம் எழுதுகிறவன், தேவைப்பட்ட இடத்தில் ஒன்றை விழுங்கிவிட்டேன்.

அந்த வாக்கியம்: "இந்த மாத்திர போட்டா ஒண்ணுக்கு மஞ்சளா போவும், பயந்துக்காத."

கேட்டிருக்க வேண்டியவன் மரியசூசை. பள்ளிக்கூடத்திலிருந்து என் கூட்டாளி.

2

மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"மரியசூசையின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன." அடித்துவிட்டேன். குடிகாரன் கதை என்றால் கை நடுங்கித்தான் ஆக வேண்டுமா? நடுங்கியது உண்மைதான். இருந்தாலும்.

"மனித உடலுக்கு வைட்டமின் பி எவ்வளவு இன்றியமையாதது என்றால்" — இது கட்டுரை. தூக்கம் வரும்.*

"சகாயராணி குழம்பில் உப்புப் போட்டாள். அவள் புருஷன் தட்டைத் தள்ளி வைத்தான்." இது பரவாயில்லை. ஆனால் நீங்கள் இதைப் புருஷன் பெண்டாட்டி சண்டைக் கதை என்று நினைத்துக்கொள்வீர்கள். இது அந்த உப்பின் கதைதான், சண்டையின் கதை இல்லை.

(* ஆனாலும் ஒன்று தெரிந்தால் போதும். வருடக்கணக்கில் குடித்த உடம்பு தின்கிற சோற்றிலிருந்து சத்தை எடுத்துக்கொள்ளும் பழக்கத்தையே மறந்துபோயிருக்கும். குடியை நிறுத்தினால் மட்டும் போதாது, உடம்புக்கு மறுபடி சாப்பிடக் கற்றுத்தர வேண்டும். அதற்குத்தான் மாத்திரை, முட்டை, கீரை எல்லாம்.)

3

மரியசூசை மினி லாரி ஓட்டுகிறவன். வத்தல்மலையிலிருந்து விளைச்சலைக் கீழே இறக்குவான். வயது ஐம்பத்து மூன்று. போன ஜூலையில் தருமபுரி பெரியாஸ்பத்திரியில் இருபது நாள் படுத்திருந்து, குடியை நிறுத்திவிட்டு வந்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் தயமின், பி காம்ப்ளெக்ஸ், ஃபோலிக் ஆசிட், புரோட்டீன் பவுடர். அன்றைக்குச் சந்தை, கடையில் கூட்டம். காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு இரண்டு கோடு என்று கவரில் போட்டுக் கொடுத்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

மறுநாளே மஞ்சளாகப் போயிற்று. லேசான மஞ்சள் இல்லை, கல்யாணப் பத்திரிகை மூலையில் தடவுகிற மஞ்சள். குடித்த மனுஷன் வேறென்ன நினைப்பான்? மஞ்சக்காமாலை. அவன் அப்பாவும் அதில்தான் போனார். பெண்டாட்டி சகாயராணியிடம்கூடச் சொல்லவில்லை. யாரிடமோ போய்க் கீழாநெல்லி அரைத்து வாங்கி மோரில் குடித்தான். உப்பில்லாப் பத்தியம். முட்டையை நிறுத்தினான், கடலையை நிறுத்தினான், புரோட்டீன் டப்பாவைப் பரண்மேல் போட்டான். என் மாத்திரையை மட்டும் ஒரு வேளை விடாமல் விழுங்கினான், நான் கொடுத்தது என்பதால். அதனாலேயே மஞ்சள் போகவில்லை.

ஆறாம் நாள் கடைக்கு வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"நவநீ, மேல போலாமாடா?"

மேலே என்றால் எங்களுக்கு வத்தல்மலைதான்.

"எதுக்கு?"

"கடைசியா ஒரு வாட்டி. நீயே ஊத்திக் குடு. போற உசுரு, தொண்ட நனைஞ்சு போவட்டும்."

என்னடா உளறுகிறாய் என்று கேட்டேன். குரலை இறக்கி மஞ்சளைப் பற்றிச் சொன்னான். நான் சிரித்துவிட்டேன். கடையில் மருந்து வாங்க நின்ற ரோசம்மாள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன்.

"அஞ்சு நாளா உப்பில்லாம தின்னுட்டு கல்லறைக்கி எடம் பாத்துட்டு வந்திருக்கேன். நீ சிரிக்கிற."

மாத்திரை அட்டையைக் காட்டி விளக்கினேன். எடை பார்க்கும் மிஷின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப நான் சாவலயா?"

"சாவல."

"அப்ப குடிக்க வேணாமா?"

"வேணாம்."

அந்த நொடியில் அவன் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் வந்து போனதைப் பார்த்தேன். பார்த்ததை அவனிடம் இதுவரை சொன்னதில்லை.

4

அதற்குப் பிறகு ஒரு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுப்பதில்லை. வாரத்துக்கு ஒரு அட்டைதான். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்வான். ஸ்டாக் இல்லை என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன். அவனும் நம்புகிறமாதிரி நடிக்கிறான்.

டாக்டர் சொன்ன மூன்று மாதம் ஏழாகிவிட்டது. தயமினும் ஃபோலிக் ஆசிட்டும் முடிந்துவிட்டன. பி காம்ப்ளெக்ஸை மட்டும் டாக்டரைக் கேட்டு நீட்டியிருக்கிறேன். மேலே உள்ள பகுதிகளை அவனிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தான்.

"பூரா நோயாளியாவே வச்சு எழுதியிருக்க. நாம நல்லா இருந்ததையும் எழுதுடா."

சகாயராணியும் கூட வந்திருந்தாள். "நல்லா இருந்தீங்களா? எப்பங்க? எனக்குத் தெரியவே தெரியாதுங்களே." பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணா, அதெல்லாம் எழுதாதீங்கண்ணா," என்றாள்.

"நீ கம்முனு இரு. அவன் எழுதட்டும்."

நான் அவன் பக்கம் சேர்ந்துகொண்டேன். எழுதுகிறவனுக்கு எழுதச் சொல்கிற குரல்தான் இனிக்கும்.

5

நல்லா இருந்த நாளில் ஒன்றைக்கூடக் குடியில்லாமல் எழுத வரவில்லை. முயன்றேன். "நண்பர்கள் இருவரும் மலையேறிப் பாறையில் அமர்ந்து மோர் அருந்தி" — நிறுத்திவிட்டேன். பொய் எழுதலாம், இவ்வளவு மட்டமான பொய் எழுதக் கூடாது.

சரி, உள்ளபடி எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, அதே வெள்ளைச் சட்டையோடு வண்டியைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவான். லோடு இல்லாத வண்டி, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குதித்துக்கொண்டு ஏறும். பாதி மலையிலேயே காற்று மாறிவிடும். மேலே எங்களுக்கென்று ஒரு பாறை. வேகவைத்த கடலை, பொட்டலம் பிரித்தால் இன்னும் ஆவி வரும். கிளிமூக்கு மாங்காயைக் கீறி மிளகாய்த்தூள் அடைத்து வைத்திருப்பான். பிளாஸ்டிக் டம்ளர் அவனுக்கு ஆகாது. வீட்டு எவர்சில்வர் டம்ளரைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவான். அதில் ஊற்றி, பாட்டில் ஐஸ் தண்ணீரை விட்டு, டம்ளரின் வெளிப்பக்கம் வேர்க்கும்வரை காத்திருப்போம். முதல் மடக்கு காரமாக இறங்கும். கண்ணை மூடி, தலையை ஒரு உதறு உதறி, ஒரு கடலையை வாயில் போட்டால் நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு மூட்டினமாதிரி இருக்கும். கீழே தருமபுரி அதன் எல்லாக் கடன்காரர்களோடும் கைக்கடக்கமாகத் தெரியும்.

பிறகு அவன் பேச ஆரம்பிப்பான். பங்குச் சாமியார்மாதிரி பிரசங்கம் வைப்பான், என் கதைகளை என் குரலிலேயே படித்துக் காட்டிக் கெடுப்பான். வயிறு வலிக்கச் சிரிப்பேன். அதற்கப்புறம் அப்படி நான் சிரித்ததே இல்லை.

எனக்குச் சர்க்கரை வந்தது. குடியை விட்டேன். அதில் வீரம் ஒன்றுமில்லை, காலை எடுத்துவிடுவார்களோ என்ற பயம்தான். அவனை அந்தப் பாறையில் தனியாக விட்டுவிட்டு இறங்கி வந்தவன் நான்.

[இதற்குக் கீழே உள்ளதை அச்சுக்கு முன் எடுத்துவிடவும்.]

இப்போதிருக்கிற மரியசூசை நல்லவன். கேழ்வரகுக் களியும் கீரையும் முட்டையும் தின்று கன்னம் வைத்திருக்கிறான். எட்டு மணிக்கெல்லாம் தூங்கிவிடுகிறான். அவனோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை. அந்தப் பழையவனை மனசு தேடிக்கொண்டே இருக்கிறது.

[எடுக்க மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவன் கையில் கொடுத்த தாளிலும் இது இருந்தது.]

6

இரண்டு முடிவு யோசித்து வைத்திருந்தேன்.

ஒன்று: ஏழு மாதம் ஏழு வருடமாகிறது, பேத்தி முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்தில் அவன் தண்ணீர் டம்ளரோடு நிற்கிறான். இதை மறுவாழ்வு மையத்தின் சுவரில் எழுதிவைக்கலாம்.

இன்னொன்று: ஒரு சாயங்காலம் அவன் தள்ளாடிக்கொண்டு என் கடைக்கு வருகிறான், நான்

வேண்டாம்.

7

இன்று செவ்வாய்க்கிழமை. மணி மூன்றே முக்கால். அவன் வரவில்லை.

அவன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அவன் எடுக்கவில்லை. சகாயராணிக்குப் போட்டேன்.

"காலையிலயே வண்டிய எடுத்துட்டுப் போய்ட்டாருங்கண்ணா. லோடு கெடையாதுன்னாரு. சும்மா மேல போயிட்டு வரேன்னாரு."

"ஏதாச்சும் சொன்னானாம்மா?"

"நேத்து பூரா நீங்க குடுத்த காயிதத்தத்தான் படிச்சிட்டு இருந்தாரு. படிச்சிட்டுப் படிச்சிட்டுச் சிரிச்சாரு. நான் அப்பவே எழுதாதீங்கன்னு சொன்னேனே, அண்ணா." அழுதாள்.

அந்த மலையைப் பார்க்க மட்டும்கூட அவன் போயிருக்கலாம். குடியில்லாமலும் அது அதே மலைதானா என்று பார்க்க. போகலாம் இல்லையா?

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இதை எழுதுகிறேன். பைக்கில் போனால் வெளிச்சம் இருக்கும்போதே சேர்ந்துவிடுவேன். அங்கே எப்படி இருந்தாலும் திரும்பி வந்து எழுத மாட்டேன். அதனால் முடிவு உங்களிடம்தான் இருக்கிறது. அதற்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். ஐந்தாம் பகுதியைப் படிக்கும்போது உங்களுக்கு நாக்கு ஊறியதா? ஊறவில்லை என்றால் நான் மட்டமான எழுத்தாளன், என் மரியசூசை பாறையில் சும்மா காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இத்தனை வருடம் எழுதியவன், இன்றைக்குத்தான் முதல்முறையாக, எனக்கு எழுத வராமலே போயிருக்கக் கூடாதா என்று நினைக்கிறேன்.