ஏ பக்கம், மூன்றாவது டிஜே

1

இந்தக் கதை என் மூளையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் இது கேசட்டில் வந்தது. 1997 ஜூலையில், பாறசாலையிலிருந்து ஷார்ஜாவுக்கு, லீவு முடிந்து திரும்பிய ஒருவரின் பெட்டியில், ஊறுகாய்ப் பாட்டிலுக்கும் பப்படக் கட்டுக்கும் நடுவில் வந்தது. அனுப்பியவள் லேகா. அப்போது நான் கட்டப்போகிற பெண், இப்போது என் மனைவி. என் பெயர் ஜெயச்சந்திரன். ஏசி மெக்கானிக், மிச்ச நேரத்தில் எழுத்தாளன். (எழுத்தாளன், மிச்ச நேரத்தில் ஏசி மெக்கானிக் என்றுதான் முதலில் எழுதினேன். ஃபோர்மேன் படித்தால் சிரிப்பார் என்று மாற்றிவிட்டேன்.)

இப்போது 1999. அதே ஷார்ஜா, அதே அறை, அதே கட்டில். கம்பெனியின் சர்வீஸ் ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரியே மூன்று தடவை தகராறு செய்தது:

'பாறசாலையில் அன்று நல்ல மழை.' நான் அங்கே இல்லை. மழை பெய்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்?

'எபின் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு' – இவனிடம் தொடங்கினால் கதை இவனுடையதாகிவிடும். விடமாட்டேன்.

'அவள் குரல்' – இதற்கு மேல் கை ஓடவில்லை.

ஆகவே முதல் வரி இல்லாமலே தொடங்கிவிட்டேன். வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

எல்லாம் என் கொழுப்பால் வந்தது. ஷார்ஜாவில் ஒரு ஓட்டல் ஹாலில் ஏசி பழுதுபார்க்கப் போனபோது யாரோ பணக்காரர் வீட்டு ரிசப்ஷன் நடந்துகொண்டிருந்தது. ஏணியின் உச்சியிலிருந்து பார்த்தேன். ஒருவன் இரண்டு இசைத்தட்டுகளை வைத்துக்கொண்டு ஒரு பாட்டை இன்னொரு பாட்டுக்குள் நழுவவிட்டுக்கொண்டிருந்தான். ஹால் முழுக்க அவன் சொன்னபடி ஆடியது. பாறசாலைப் பக்கத்தில் முதல்முதலாக டிஜே வைத்து ரிசப்ஷன் நடத்தியவன் நானாக இருக்க வேண்டும் என்று ஏணியிலேயே முடிவு செய்தேன்.

ஆளைத் தேர்ந்தெடுக்க என் வீட்டில் யாரும் இல்லை. அம்மா பங்கஜாட்சி மட்டும்தான், அவளுக்கும் காது மந்தம். அவள் அனுப்பிய கேசட்டில் சொல்லியே விட்டாள்: "எனக்கு ஒரு காதும் கேக்காது மக்கா. நீ ஆரை வச்சாலும் எனக்கு ஒண்ணுதான்."

அதனால் லேகா வீட்டுக்குச் சொல்லியனுப்பினேன். அவளுடைய அப்பா தங்கப்பன் மகனைக் கூப்பிட்டுக் கேட்டாராம்: "எலே மனு, இந்த டிஜேன்னா என்னத்தயாக்கும்? நம்ம மைக்செட்டுக்காரன் பாட்டு போட்டா ஆடமாட்டினுமோ?" பிறகு அவரே, "செரி, மாப்பிள வாய்விட்டுக் கேட்டுப்போட்டாரு. இல்லேன்னு சொன்னா கொறச்சிலாக்கும்" என்று முடித்துவிட்டார்.

ஏற்பாடு இது: லேகாவும் அண்ணன் மனுவும் மூன்று டிஜேக்களை நேரில் போய்ப் பார்ப்பார்கள். வீட்டு டேப் ரிக்கார்டரைக் கையோடு கொண்டுபோய் ஒவ்வொருவரும் பாட்டுப் போடுவதைப் பதிவு செய்வார்கள். நான் இங்கே கேட்டு, ஒன்றா, இரண்டா, மூன்றா என்று சொல்லுவேன். கடல் தாண்டி டிஜே பொறுக்கியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

3

கேசட் பற்றி எங்கள் அறைச் சட்டத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அறையில் எட்டுப் பேர். யாருக்கு ஊரிலிருந்து கேசட் வந்தாலும் ஏ பக்கம் எல்லாருக்கும் பொது. யாருடைய அம்மா பேசினாலும் எட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். பி பக்கம் சொந்தக்காரனுக்கு மட்டும். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான், யாரும் அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது. ஊரில் பேசுகிறவர்களுக்கும் இது தெரியும். லேகா எட்டு மாதமாக ஏ பக்கத்தில் மழை, தேங்காய், கல்யாணங்கள் எல்லாம் பேசுவாள். பி பக்கத்தில் "அண்ணன் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு அரை நிமிஷம் சும்மா இருப்பாள்.*

(* எங்கள் பக்கத்தில் கட்டப்போகிறவனையும் கட்டியவனையும் அண்ணன் என்று கூப்பிடுவது உண்டு. மதுரைக்காரர்கள் சிரிக்க வேண்டாம்.)

அந்த அரை நிமிஷத்துக்காக எட்டு மாதம் வாழ்ந்திருக்கிறேன். பெண் பார்க்கப் போன அன்று அவளைப் பார்த்தது சரியாக ஒரு சாயா குடிக்கும் நேரம். மற்றதெல்லாம் இந்தக் குரல்தான்.

டிஜேக்கள் ஏ பக்கத்தில் வந்தார்கள்.

"அண்ணா, இதாக்கும் ஒண்ணாமத்த ஆளு. திருவனந்தபுரத்து ஓட்டல்ல உள்ளவரு. சத்தம் கூடுதலாக்கும், நெஞ்சு கெடந்து பதறுது." லேகா சொல்லி முடித்ததும் டேப்பில் வெறும் அதிர்வுதான் கேட்டது. வெறும் தகரத்தில் யாரோ தேங்காய் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாமவர் நெய்யாற்றங்கரை. கானமேளக் கச்சேரிக் குழுவில் அறிவிப்பாளராக இருந்து டிஜே ஆனவர். பாட்டைவிட அவர் பேச்சு நீளம்.

"இது மூணாமத்தது. எபின். பொழியூர்காரன். நம்ம பாறசாலையில கட வச்சிருக்கான். மூணு வருஷம் பம்பாயில நின்னு படிச்சிட்டு வந்திருக்கான்."

மூன்றாமவன் ஒரு தமிழ்ப் பாட்டில் தொடங்கினான். கேட்டுக்கொண்டே இருந்தோம். எப்போது அது மலையாளப் பாட்டானது என்று எட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. களியக்காவிளை செக்போஸ்டில் வண்டி நிற்காமலே கேரளாவுக்குள் வந்துவிட்டது. இடைவெளி என்பதே அவனிடம் இல்லை. "எலே, இவன் கொள்ளாம்" என்றான் பக்கத்துக் கட்டில் யோசுவா. அவனும் பொழியூர்தான். அறையே தலையாட்டியது.

பாட்டு முடிந்தது. டேப் முடியவில்லை.

4

நாற்காலி இழுபடும் சத்தம். "நான் ஒரு சாயா குடிச்சிட்டு வாறேன்" என்று மனு போனான். ஒரு காக்கை. பிறகு எபின்:

"மாப்பிள எனக்க பேரச் சொன்னா, நான் வரணுமா வேண்டாமா? நீ சொல்லு லேகா."

 எட்டுப் பேரும் அசையாமல் இருந்தோம்.

"நீ வந்தா நான் பாத்துப்போடுவேன் எபினே. வரல்லேன்னா தேடுவேன். ரெண்டும் கஷ்டமாக்கும்."

"அப்ப நான் என்ன செய்யட்டு?"

"அவரு தீர்மானிக்கட்டு."

யோசுவா எட்டிப் பொத்தானை அமுக்கினான். "சோறு வெந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டு எழுந்தான். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்கள். எட்டுப் பேருக்கான சோற்றை ஏழு பேர் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுநாள் கம்பெனி வேனில் யோசுவா மட்டும், வெளியே பார்த்தபடி, "மக்கா, பேசாம ரெண்டாமத்தவனச் சொல்லு" என்றான்.

நான் அன்று ஏ பக்கத்தை ஹெட்போனில் கேட்டேன். சட்டப்படி அது தேவையில்லாத வேலை. எபினே. எபினே. திருப்பித் திருப்பி ஓட்டினேன். அவள் என்ன சொன்னாள் என்பது முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது. அந்தப் பெயரை அவள் கூப்பிட்ட விதம்தான் என்னை விடவில்லை. என்னை அவள் அப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இன்றும் ஆசைப்படுகிறேன். இதை நாசூக்காகச் சொல்லப் பார்த்தேன், வரவில்லை.

5

பாத்திரங்கள் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. கதை எழுதுகிறவன் சொல்லிவிட வேண்டும்.

எபினை முதல் பிரதியில் அழகனாக எழுதினேன். வயிறு எரிந்தது. இரண்டாவது பிரதியில் முன்பல் ஒன்றை எடுத்துவிட்டேன். அது எனக்கே கேவலமாக இருந்ததால் பல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நிஜத்தில் அவன் மெலிந்த, தலை குனிந்து வேலை செய்கிற ஒரு ஆள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அவர்கள் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை? அவன் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், அவள் இந்து என்று எழுதினேன். ஆனால் எங்கள் ஊரில் ஒரே குடும்பத்தில் இரண்டும் உண்டு, அடித்துவிட்டேன். 'தங்கப்பன் பாட்டுக்காரனுக்குப் பெண் கொடுக்க' என்று தொடங்கி அதையும் பாதியில் விட்டேன். ஒருவேளை இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவே இல்லையோ, டேப் ஓடிய அந்த நாள்தான் முதல்முறையோ. நான் கேட்டதில்லை.

லேகாவைப் பற்றிய சந்தேகம்தான் பெரியது. மற்ற இரண்டு டிஜேக்களுக்கும் பாட்டு முடிந்த அடுத்த நொடி 'டக்' என்று டேப்பை நிறுத்தியவள் மூன்றாவதற்கு ஏன் நிறுத்தவில்லை? மறந்துபோனாளா? அன்று சாயங்காலமே ஷார்ஜாவுக்குப் புறப்படுகிற ஆளிடம் கேசட்டைக் கொடுக்க வேண்டிய அவசரம், திருப்பிப் போட்டுக் கேட்டிருக்க மாட்டாள். அப்படித்தான் நம்பினேன். ஆனால் 'அவரு தீர்மானிக்கட்டு' என்று சொன்னது எபினிடமா, மேஜையில் ஓடிக்கொண்டிருந்த டேப்பிடமா?

(இந்தப் பத்தியை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். எடுத்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன், கதை தூங்காது.)

6

இனி நான் தீர்மானித்த இடம். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: மாப்பிள்ளை திருவனந்தபுரத்துக்காரரைச் சொல்கிறான். ரிசப்ஷன் அதிர்கிறது. லேகா கூட்டத்துக்குள் யாரையோ தேடுகிறாள். தேடிக்கொண்டே... பாதியில் நிறுத்திவிட்டேன்.

இரண்டு: மாப்பிள்ளை கல்யாணமே வேண்டாம் என்கிறான்.  கிழித்துப்போட்டேன்.

மூன்று: நடந்தது. அடுத்த கேசட்டின் ஏ பக்கத்தில், ஏழு பேர் முன்னால் உட்கார்ந்து, சத்தமாகச் சொன்னேன்: "மூணாமத்தவரு மதி, அவரே போதும். மிக்ஸிங் நல்லாயிருக்கு." யோசுவா என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பெருந்தன்மை என்று நினைக்கிறவர்கள் என்னோடு ஒரு வாரம் இந்த அறையில் இருந்து பார்க்கட்டும். நான் போட்டது கணக்கு. வந்தால் பார்ப்பேன், வராவிட்டால் தேடுவேன் என்றாள் அல்லவா? பார்ப்பதற்கு ஒரு முடிவு உண்டு. ரிசப்ஷன் முடிந்ததும் அவன் பெட்டிகளைக் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். தேடுவதற்கு அப்படி ஒரு நேரம் கிடையாது. ஆயுசு முழுக்கத் தேடுகிற பெண்ணின் பக்கத்தில் படுக்க எனக்குத் தைரியம் இல்லை.

7

சிங்ஙமாதத்தில், அதாவது ஆவணியில், கல்யாணம். சாயங்காலம் ரிசப்ஷன், நெய்யாற்றங்கரையில் ஒரு ஆடிட்டோரியம். ஏசி கிடையாது. ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த கோட்டுக்குள் ஏசி மெக்கானிக் வெந்துகொண்டிருந்தான்.

எபின் மேடைக்குப் பக்கத்தில், வாசலுக்கு நேரெதிரே இருந்தான். நான் கேட்டது வீண்போகவில்லை. பாட்டு பாட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது. தங்கப்பன்கூட விரலால் தொடையில் தாளம் போட்டார். நானும் லேகாவும் வாசலிலிருந்து மேடைக்கு நடக்கத் தொடங்கினோம். பாதி வழி வந்திருப்போம்.

பாட்டு நின்றது.

"எலே, கரண்டு போச்சா?" என்று கத்திக்கொண்டு மனு ஃபியூஸ் பெட்டியை நோக்கி ஓடினான். கரண்டு போகவில்லை. தலைக்கு மேல் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. இடைவெளி விடத் தெரியாதவன் இடைவெளி விட்டிருந்தான். பதினொன்று வரை எண்ணினேன். எண்ணும்போது நான் பார்த்தது எபினைத்தான். ஹெட்போன் ஒரு காதில், தலை குனிந்து, கை இரண்டும் மேஜைமேல். அவன் ஒருமுறைகூட நிமிரவில்லை. பன்னிரண்டில் பாட்டு மெதுவாகத் திரும்பி வந்தது.

லேகா என் வலது பக்கம் இருந்தாள். கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும், அவள் எங்கே பார்க்கிறாள் என்று தெரிந்துவிடும். நான் திருப்பவில்லை. பயம். வேறு பெயர் அதற்கு இல்லை.

வீடியோ இருக்குமே என்று வாசகர் கேட்பார். உண்டு. அந்தப் பதினொன்று எண்ணும் நேரத்தில் கேமரா ஃபியூஸ் பெட்டிக்கு ஓடும் மனுவைத் தொடர்ந்து போயிருக்கிறது. அம்மா மட்டும் கடைசியில் என் கையைப் பிடித்து, "பாட்டு நல்லாயிருந்துது மக்கா" என்றாள்.

கல்யாணத்துக்குப் பிறகு நாற்பது நாள் லீவு. நாற்பது நாளும் அவள் எனக்கு நல்ல மனைவியாக இருந்தாள். நான் கேட்கவில்லை. விமானம் ஏறினேன். வருஷத்துக்கு ஒரு லீவு என்ற கணக்கில் இதுவரை அவளோடு நான் இருந்தது மொத்தம் எண்பது நாள். பி பக்கத்தில் இன்றும் "அண்ணன் சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்கிறாள். இன்றும் அந்த அரை நிமிஷம் உண்டு. அதில் என்ன இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

8

ஆகவே இந்தக் கதையின் முடிவு என்னிடம் இல்லை. ஒளித்து வைத்துக்கொண்டு விளையாடவில்லை, நிஜமாகவே இல்லை. வாசகர், வாசகர் என்று இவ்வளவு நேரம் மரியாதையாகச் சொன்னது உன்னைத்தான், லேகா. நான் எழுதுவதையெல்லாம் முதலில் வாசிக்கிறவள் நீதானே.

யோசுவா வெள்ளிக்கிழமை லீவில் வருகிறான். இந்தத் தாள்களையும் அந்தப் பழைய கேசட்டையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவனிடம் ஒன்றும் கேட்காதே, அவனுக்கு அன்று சோறு வெந்ததா என்பது மட்டும்தான் தெரியும். பாட்டு நின்ற அந்த நேரத்தைப் பற்றிக் கீழே மூன்று வரி எழுதியிருக்கிறேன். இரண்டை அடித்துவிடு.

அந்த நேரம் முழுக்க லேகா எபினைப் பார்த்தாள்.

அந்த நேரம் முழுக்க லேகா தரையைப் பார்த்தாள்.

அந்த நேரம் முழுக்க லேகா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான்தான் திரும்பவில்லை.

மூன்றாவதை நான் எத்தனை தடவை எழுதி அழித்தேன் என்று தாளைப் பார்த்தாலே தெரியும், அந்த இடம் கிழிந்திருக்கிறது. அதற்காக அதை விட்டுவைக்க வேண்டாம். எனக்கு இரக்கம் வேண்டாம்.

யோசுவா திரும்பி வர ஒரு மாதம் ஆகும். பதிலைக் கேசட்டில் அனுப்பு. பி பக்கத்தில் பேசு. முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு, அண்ணன் வேண்டாம். பிறகு எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். சொல்லி முடித்த பிறகு டேப்பை நிறுத்தாதே. அது ஓடுகிறவரை ஓடட்டும்.